உன் கைகளுக்கு நான் தேடிய வினையடை

கடுகண்ணாவையில் வசிப்பவனும், கண்டி நகரில் மாடியறை ஒன்றில் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளனாகத் தொழில் செய்பவனும், ஐம்பது வயது நிறைந்தவனும், உன் தகப்பனுமாகிய சபாநாதன் யோகேஸ்வரன் என்னும் நான், என் மகன் மாறனுக்கு இதை எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே. உனக்காக ஒரு பக்கக் கடிதம் எழுத எனக்கு ஏன் பன்னிரண்டு நாட்கள் பிடித்தன என்பதையும், அதனால் நீ எதை இழந்தாய் என்பதையும், என் தரப்பில் ஒளிவின்றிச் சொல்லிவிடுவது. இதைத் தனிக்கடிதமாக எழுதினால் திருத்திக்கொண்டே இருப்பேன். உனக்குத் தெரியும். நாலு பேர் பார்வைக்கு வைத்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே இது திறந்த கடிதம்.

விடயம் நடந்த ஒழுங்கில் வருகிறேன். ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலைக்கு நீ விண்ணப்பித்தாய். உன்னிடம் பராமரிப்புச் சான்றிதழ் எதுவும் இல்லை. மருந்துக்கடையில் வேலை செய்த அனுபவமும், பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த உன் அம்மாவை மூன்று வருடங்கள் பார்த்துக்கொண்ட அனுபவமும் மட்டுமே உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பராமரிக்கப்பட்டவரின் குடும்பத்தவர் ஒருவர் தாம் கண்டதை ஆங்கிலத்தில் எழுதி, கையொப்பமிட்டு, தாமே நேரடியாக அனுப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பத் தட்டை என் முன் வைத்துவிட்டு நீ கேட்டாய். உன் வாயில் எப்போதும் அம்மாவின் மலையகத் தமிழ்தான். யாழ்ப்பாணத்திலிருந்து நான் கொண்டுவந்தது உன்னிடம் ஒட்டவேயில்லை.

"அப்பா, ஒரு பக்கம் போதும். அம்மாவை நான் எப்படி தூக்குறேன், எப்படி குளிப்பாட்டுறேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நம்ம நேரம் அஞ்சு மணிக்கு முன்ன அனுப்பணும்."

"உன்னட்ட அவையள் கேட்டது இங்கிலீஷிலயெல்லோ? அப்ப அது என்ர வேலை. யோசியாத," என்றேன்.

"அதான் யோசிக்கிறேன்," என்றாய். அம்மா கட்டிலிலிருந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அன்றே முதற்பிரதியை எழுதி முடித்தேன். நீ செய்தவை யாவும் ஒழுங்காக வந்துவிட்டன. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது. உன் அம்மாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு நீ மாற்றுவதைச் சொல்லும் வாக்கியத்தில், எப்படி மாற்றினாய் என்பதற்கு ஒரு சொல். தமிழில் 'கவனமாக' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். நம் வீட்டு வாசலில் யார் புறப்பட்டாலும் நான் 'கவனமா' என்பேன், அம்மா 'பாத்து' என்பாள், அடுத்த வீட்டு சுமணா அக்கா வேலிக்கு அப்பால் நின்று சிங்களத்தில் 'பரிஸ்ஸமின்' என்பார். மூன்றும் ஒரே வேலையைச் செய்துவிடுகின்றன. ஆங்கிலம் அப்படி விடாது. அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அகராதிகளும் கைபேசியும் அவர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருவருக்குப் பதில் மற்றவரைக் கூப்பிடலாம் என்கின்றன. என் தொழிலில் என்னை அதிகம் எரிச்சலூட்டும் பொய் இதுதான்.

முதலில் 'கெயார்ஃபுலி' எழுதினேன். செய்யும் வேலையின்மேல் கண் வைத்திருப்பவனுக்குரிய சொல் அது. தவறான சொல் அல்ல, தேய்ந்த சொல். நான் மொழிபெயர்த்த ஒவ்வொரு பிறப்புச் சான்றிதழின் அடியிலும், மூலத்தோடு கவனமாக ஒப்பிடப்பட்டது என்று அதையே எழுதி முத்திரை குத்துகிறேன். கண்ணாடிப் பெட்டிமீதும் அதுதான், மருந்துப் போத்தல்மீதும் அதுதான். முத்திரை குத்திக் குத்தி என் கையில் மரத்துப்போன ஒரு சொல்லை உன் கைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை வெட்டினேன்.

அடுத்தது 'கோஷஸ்லி'. அதன் கண் வேலையில் இல்லை, ஆபத்தில் இருக்கிறது. வழுக்கும் வீதியில் வாகனம் ஓட்டுபவன், பேரம் படியுமுன் பேசுபவன், இவர்களுக்கு அது பொருந்தும். எழுதிவிட்டுப் பார்த்தபோது அந்தச் சொல்லுக்குள் நீ இல்லை, நான் இருந்தேன். அம்மா விழுந்த காலையை நினைத்துப் பார். தேநீர்க் கோப்பை சரிந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. நான் அலுமாரியைத் திறந்து கிளினிக் கொப்பியைத் தேடினேன். அடையாள அட்டையைத் தேடினேன். தெரிந்த டொக்டர் ஒருவருக்கு அழைப்பெடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, படுக்கவைத்துப் பார்ப்பதா என்று கேட்க முயன்றேன். நீ அரைக்காற்சட்டையோடு அறையிலிருந்து வந்தாய், ஒரு பார்வை பார்த்தாய், அவளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடினாய். வீதி வீதியாகப் பாண் ரொட்டி விற்கும் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டபடி வந்தது. பாண் தட்டுகளை இழுத்து மதகுமேல் வைத்துவிட்டு, அந்த இடத்தில் அம்மாவை ஏற்றினாய். "அப்பா, வாங்க!" என்று நீ கத்தியது எனக்குக் கேட்டது. நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வீதிக்கு வந்தபோது வண்டி இல்லை. பதற்றத்தில் வண்டிக்காரர் நிறுத்த மறந்த பாட்டு மட்டும் பேராதனைப் பக்கமாகத் தேய்ந்துகொண்டு போனது. கிளினிக் கொப்பியோடு நான் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது, கொப்பியை யாரும் கேட்கவில்லை. பாண் வண்டியில் ஊர்வலம் போன மகாராணி தான்தான் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். அந்த ஊர்வலத்தில் நான் இல்லை. அந்தச் சொல்லையும் வெட்டினேன்.

பிறகு 'வெயாரிலி'. அது இன்னும் மோசமான சொல். அதன் கண் மற்ற மனிதர்மேல் இருக்கிறது: இவன் என்ன செய்வான், இவன் யார் என்று அளந்தபடி நடப்பவனின் சொல். உன் கடிதத்தில் அதற்கு இடமே இல்லை. ஆயினும் அகராதி அதைப் பக்கத்தில் வைத்ததால் அதன்முன் ஒரு முழு மாலையைச் செலவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். நீ பத்து வயதில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறியதும் தமிழில் உரக்கப் பேசத் தொடங்குவாய். நான் உன் முழங்காலில் கை வைப்பேன். சத்தத்தைக் குறை என்பதற்கு நம்மிடையே அதுதான் குறி. யுத்தம் முடிந்திருந்தது, பஸ்ஸில் எவரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் பழகிய என் கைக்கு அது தெரியவில்லை. எனக்குத் தேவைப்பட்ட ஒரு பழக்கத்தை, தேவைப்படாத உனக்கும் ஊட்டப் பார்த்தேன். நல்ல வேளை, நீ கற்றுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் கைபேசியில் நீ பேசினால் கடைசி இருக்கைவரை கேட்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும், நீ மாற்ற வேண்டியதில்லை என்பதையும் இங்கே சேர்த்தே பதிவு செய்கிறேன்.

இப்படியே இரண்டாம் வாரப் புதன்கிழமை வந்துவிட்டது. அன்று கடைசியாக 'ஜிஞ்சர்லி' என்பதை எடுத்தேன். விரல்நுனியால் தொடுபவனின் சொல். உடைந்துவிடுமோ, சுட்டுவிடுமோ, கையில் ஏதேனும் ஒட்டிவிடுமோ என்று, தொடும்போதே கையை எடுக்கத் தயாராக இருப்பவன். வாக்கியத்தில் போட்டு வாசித்தேன். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் கண்முன் வந்தது. நீ மருந்துக்கடைக்குப் போயிருந்தாய். அவள் கட்டிலில் சரிந்துவிட்டாள். நிமிர்த்த வேண்டும், துணியும் மாற்ற வேண்டும். நான் கையுறைப் பெட்டியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு விரலாக நுழைத்து மாட்டிக்கொண்டு வந்தேன். தொற்று வராமல் இருக்க அதுதான் முறை என்று துண்டுப்பிரசுரத்தில் வாசித்திருந்தேன். அம்மா என் கைகளைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு டொக்டர் வந்திருக்காரு போல," என்றாள். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன். தோளைத் தொட்டேன், அவள் முனகினாள், கையை எடுத்துவிட்டேன். சுமணா அக்காவைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து மூன்று வருடமாக நான் மாத்திரைகளைக் குறித்த நேரத்தில் கொடுக்கிறேன், தண்ணீர் கொடுக்கிறேன், நேரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறேன். தூக்குவதில்லை. மனைவியைத் தூக்காத ஒருவன், தூக்கும் மகனின் கைக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தான். அது அன்று எனக்குப் புரிந்தது. புரிந்ததை ஒத்திவைத்துவிட்டு அகராதியைத் திரும்பத் திறந்தேன்.

வியாழக்கிழமை நீ மருந்துக்கடையிலிருந்து பேசினாய்.

"அப்பா, அனுப்பிட்டீங்களா?"

"முடிஞ்சுது. ஒரு சொல்லுத்தான் மிச்சம்."

"ஒரு சொல்லா? என்ன சொல்லு?"

"ஒரு வினையடை."

பின்னால் யாரோ பனடோல் கேட்டது எனக்குக் கேட்டது. "அப்பா, அங்க ஒரு மிஸ் உக்காந்து, கடிதம் வந்திருக்கான்னு பாத்து டிக் போடுவாங்க. அவங்க வாசிக்கக்கூட மாட்டாங்க. என்னத்தையாவது போட்டு அனுப்புங்களேன்."

"என்னத்தையாவது போட்டு நான் ஒரு நாளும் கையெழுத்து வைக்கேல்ல, தம்பி."

"ஓம், தெரியும்," என்றாய். என் யாழ்ப்பாணத்து 'ஓம்' உன் வாயில் வருவது என்னைப் பகிடி பண்ணும்போது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் கடிதம் மேசைமேல் இருந்தது. நாலு மணிக்கு என் கதவை மூடுவேன், அது விதி. நாலு ஐந்துக்கு அலவத்துகொடையிலிருந்து ஒரு தாய் வந்தார், மகளின் விவாகப் பதிவை மொழிபெயர்க்க. "ரெண்டு பஸ் மாறி வாரேன் சேர், அல்லாவுக்காக ஒருக்கா பாருங்க, சின்னக் கடதாசிதானே," என்றார். நேரம் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். உன் கடிதத்துக்கு நேரம் ஒதுக்குகிறேன் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, நாலு சொற்களையும் நாலு பிரதிகளில் எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். கடைசியில் 'கெயார்ஃபுலி'யையே திரும்பப் போட்டு அனுப்பினேன். பன்னிரண்டு நாட்கள் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்திருந்தேன். கடிகாரம் ஐந்து இருபது காட்டியது.

செவ்வாய்க்கிழமை அவர்களின் பதில் வந்தது. குடும்பத்தவரின் கடிதம் குறித்த நேரத்துக்குப் பின் கிடைத்ததால் இந்தத் தொகுதியில் உன்னைச் சேர்க்க இயலவில்லை; அடுத்த தொகுதிக்கு வேண்டுமானால் கடிதத்தை மீண்டும் அனுப்பலாம், அதற்கான கடைசி நாள் இரண்டு வாரம் கழித்து வரும் புதன்கிழமை. அதன் முதல் வாக்கியத்தில், உன் விண்ணப்பத்தைத் தாம் 'கெயார்ஃபுலி' ஆராய்ந்ததாக எழுதியிருந்தார்கள். அதை நீ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாய். நான் அவர்கள்மேல் கோபப்பட முயன்றேன். நாலு ஐந்துக்குக் கதவைச் சாத்துபவனுக்கு, ஐந்து இருபதுக்குச் சாத்திய கதவின்மேல் கோபப்பட என்ன உரிமை? நான் சொன்னது வேறு. "அடுத்த முறைக்கு நல்ல சொல்லொண்டு கிடைச்சிடும்," என்றேன். அதைச் சொன்ன வாயை இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் சொன்னாய். "இனி கடிதம் வேணாம் அப்பா. நான் போனா அம்மாவை யார் தூக்குறது? நீங்க அதைச் சொல்லல. சொல்லாமலே சொல்லிட்டீங்க."

பதினொரு நாட்களாக இந்த வாக்கியத்தோடு மல்லுக்கட்டுகிறேன். இது அநியாயம் என்று முதலில் நினைத்தேன். உன்னைத் தடுக்க நான் நினைத்ததே இல்லை. விண்ணப்பத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் நான். ஆங்கிலப் பரீட்சைக்கு உன்னைப் பயிற்றியவன் நான். என்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தால் ஆதாரங்களை அடுக்குவது என் வழக்கம். அடுக்கினேன். எல்லாம் எனக்குச் சாதகமாகவே இருந்தன. ஆனாலும் ஒன்று மட்டும் எனக்கு எதிராக நின்றது: நீ போன மறுநாள் காலை, அம்மா கட்டிலிலிருந்து கதிரைக்கு எப்படி வருவாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மகன் போகலாம் என்று முழு மனதோடு நினைத்த ஒருவன் அதைத்தான் முதலில் யோசித்திருப்பான். நான் வினையடையைப் பற்றி யோசித்தேன். உன் குற்றச்சாட்டை ஏற்றுக்கொள்கிறேன், மாறன். முழுவதும் அல்ல, ஆனால் பெரும்பகுதியை.

இன்று காலை நீ மருந்துக்கடைக்குப் போன பிறகு, நாலு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் கேட்டாள்.

"என்னங்க அது, இன்னும் அந்தக் கடுதாசியா?"

"ஓம். அவன் உம்மைத் தூக்கிறதுக்குச் சரியான சொல் வருகுதில்லை."

"யாரைத் தூக்குறான்?"

"உம்மைத்தான்."

"அப்ப என்கிட்ட கேக்கலாமே. இத்தனை நாளா புத்தகத்துகிட்டயா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

மூன்று வருடம் தூக்கப்பட்ட மனுஷி நாலு அடி தூரத்தில் படுத்திருக்க, அவளிடம் கேட்க வேண்டும் என்று ஐம்பது வயதுவரை படித்த ஒருவனுக்குத் தோன்றவில்லை. பேனையை எடுத்து, சொல்லும் என்றேன். அவள் வலக்கையால் தலையணையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

"அவன் மொதல்ல கையைத் தேச்சு சூடாக்கிக்குவான். அப்புறம் சொல்லுவான், இப்ப தோளு அம்மா, இப்ப இடுப்புன்னு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணித் தூக்கப் போறேம்பான். மூணு வரவே வராது. ரெண்டுலயே தூக்கிருவான், கள்ளப் பய. நான் பயப்படுறதுக்கு நேரமே குடுக்கமாட்டான்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களா இருந்தா மூணு சொல்லிட்டு நாலுக்கும் காத்துக்கிட்டு இருப்பீங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு அவள் சொன்னாள்: "அவன் தூக்குறப்ப நான் கண்ணை மூடிக்குவேன். நீங்க கிட்ட வந்தா தொறந்து வச்சிக்குவேன். அதை எழுத வேணாம்."

எழுத வேண்டாம் என்றாள். இங்கே எழுதுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால். கடிதத்தில் எழுதியது வேறு. நாலு பிரதிகளிலுமிருந்த அந்த வாக்கியத்தை முழுவதுமாக அடித்துவிட்டேன். அதற்குப் பதில் நீ கையைச் சூடாக்குவதையும், தொடுமுன் சொல்வதையும், எண்ணுவதையும் எழுதினேன். கடைசியில் அவள் சொன்னபடி ஒரு வரி: 'என் மகன் தூக்கும்போது எனக்குப் பயமில்லை.' அதை ஆங்கிலமாக்க எனக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அவள் தன் பெயரைத் தானே எழுதிக் கையொப்பமிட்டாள், கீழே நான். அங்கே போனதும் ஒவ்வொரு நாளும் உன்னை அறிக்கை எழுதச் சொல்வார்கள். நீ என்ன செய்தாய் என்று மட்டும் எழுது. எப்படிச் செய்தாய் என்பதைத் தூக்கப்பட்டவரிடம் கேள். என் தொழில் எனக்குக் கற்றுத்தராத ஒன்றை உனக்குச் சொல்கிறேன்; இதில் உன் அம்மாதான் எனக்கு ஆசிரியர், நான் மிகவும் பிந்திச் சேர்ந்த மாணவன்.

கடிதத்தைக் காலை ஒன்பதே காலுக்கு அனுப்பிவிட்டேன். கடைசி நாளுக்கு மூன்று நாட்கள் மிச்சம் இருக்கின்றன. கிடைத்தது என்ற தானியங்கிப் பதிலும் வந்துவிட்டது. போவதும் போகாமல் இருப்பதும் உன் தீர்மானம். ஆனால் அம்மாவை யார் தூக்குவது என்ற காரணத்தை மட்டும் நீ இனிமேல் சொல்ல முடியாது. அந்தக் காரணத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் அலுவலகத்தைப் பகலோடு மூடிவிட்டு, அம்மாவோடு ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போவேன்; தூக்குவது எப்படி என்று அங்கே கற்பிக்கிறார்கள். நீ புறப்படும்வரை உன் முன்னால் செய்து காட்டுவேன். பிழையென்றால் சொல், சிவப்புப் பேனையை இம்முறை உன்னிடம் தருகிறேன்.

இப்போது மணி பத்து. சுமணா அக்கா பன்சலைக்குப் புத்தரைக் கும்பிடப் போய்விட்டார், நீ வரப் பகல் இரண்டாகும். அம்மாவைக் கதிரைக்கு மாற்ற வேண்டிய நேரம். ஒரு காலை முன்னுக்கு வைத்து, அவளுடைய வலக்கையை என் கழுத்தைச் சுற்றிப் போடச் சொல்லி, வெறுங்கையால் அவளைத் தூக்கப் போகிறேன். அவள் முனகுவாள். நான் கையை எடுக்க மாட்டேன்.